நம்பர் இல்லாத இன்ஜின்

பழங்காநத்தத்தில் அந்த வீட்டின் மாடி அறைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ரயில் பொம்மை செய்யறீங்க, சரி. அதை ஏன் இப்படித் துருப்பிடிக்க வச்சுப் போட்டிருக்கீங்க?"

நியாயமான கேள்விதான். மாடல் ரயில் என்றால் பச்சைப் புல்வெளி, குகைப் பாதை, பளபளவென்று ஒரு இன்ஜின், பின்னால் பத்துப் பெட்டி என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே மேஜைமேல் இருப்பதோ ஒரு காயலான் கடை. 4 அடிக்கு 2 அடி பிளைவுட் பலகை. அதன்மேல் எங்கும் போகாத தண்டவாளங்கள், சீமைக்கருவேலம் முளைத்த சைடிங், கூரை ஓட்டையான சரக்குப் பெட்டிகள், பக்கவாட்டில் சாய்த்துப்போட்ட ஒரு டேங்கர், வரிசையாக நிற்கும் 'கண்டம்' இன்ஜின்கள். எதுவும் ஓடாது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது.

இதைச் செய்துகொண்டிருப்பவருக்கு வயது 66. வேலை பார்த்த காலத்தில் அவர் கேஸ் கட்டர். அதாவது கட்டிங் டார்ச்சால் இரும்பை வெட்டுகிறவர். ரயில்வேயில் இல்லை, ஏலத்தில் பழைய இரும்பை எடுக்கும் காண்ட்ராக்டர்களிடம் தினக்கூலிக்கு. 1990-களில் மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின்கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெற்று, ஏலம் போய், வெட்டுக்கு வந்தன. அவற்றில் சிலவற்றை வெட்டிய கை அவருடையது. அவருடைய அப்பாவோ அதே இன்ஜின்களில் கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன்.

அப்பா அள்ளிப்போட்டார், மகன் வெட்டினார். அந்த வீட்டுக் கதையை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால், அவர் அப்படிச் சொல்வதில்லை. "பலகையைப் பாருங்க, பேசிக்கிருவோம்" என்பார்.

பலகையைப் பார்த்தால் முதலில் அளவுக்கணக்கு பிடிபடும். எல்லாமே 87-ல் ஒரு பங்கு. உலகம் முழுக்க மாடல் ரயில்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் கணக்கு இது. மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,000 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மி.மீ. நம் பிராட் கேஜான 1,676 மி.மீ., 19 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 4 அடிப் பலகை, நிஜத்தில் 100 மீட்டரைத் தாண்டிய ஒரு யார்டு. ஓர் ஆள் 2 செ.மீ. உயரம்கூட இருக்க மாட்டார்.

இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. லாக்டவுன் முடிந்த சமயத்தில் யாரோ வெளிநாட்டுக்காரர் மாடல் ரயில் ஓட்டும் வீடியோவைத் தாத்தாவுக்கு மொபைலில் காட்டியிருக்கிறாள், அப்போது அவளுக்கு எட்டு வயது இருக்கும். அடுத்தடுத்து வந்த வீடியோக்களில் ஒன்றில் யாரோ ஒருவர் ரயில் இரும்பு யார்டு ஒன்றைச் சின்னதாகச் செய்து வைத்திருந்தார். தாத்தா அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாராம். பிறகு சொன்ன முதல் வார்த்தை, "இவன் ஆக்ஸிஜன் சிலிண்டரைப் படுக்க வச்சிருக்கான். தப்பு. கட்டி நிப்பாட்டணும்."

தொடங்கியது அங்கேதான்.

வெளிநாட்டில் இருந்து இன்ஜின் வாங்குவது என்ற பேச்சே எழவில்லை. நம் ஊரில் இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு. அதுவும் நம் மீட்டர் கேஜ் இன்ஜின் கடையில் கிடைக்காது. எனவே, எல்லாம் வீட்டுக் குப்பையில் இருந்துதான். இதில் அவருக்கு இருக்கும் சாமர்த்தியத்தைப் பார்க்கத்தான் தெருவில் பாதிப் பேர் மாடியேறுகிறார்கள்.

மீட்டர் கேஜின் மரக்கட்டை சிலீப்பர் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம். 87-ல் ஒரு பங்கு 21 மி.மீ. ஒரு தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிவிட்டு இரண்டாக வெட்டினால் கிட்டத்தட்ட இரண்டு சிலீப்பர். சிவகாசியும் சாத்தூரும் பக்கத்தில் இருக்கும்போது தீக்குச்சிக்கு என்ன பஞ்சம்! தண்டவாளம், உடைந்த குடையின் கம்பி. இன்ஜின் பாய்லர், வயரிங்குக்கு ஓட்டும் முக்கால் இஞ்ச் பிவிசி குழாய். இன்ஜினின் பெரிய சக்கரங்களுக்குப் பேன்ட் பட்டன், சரக்குப் பெட்டிகளுக்கு அதைவிடச் சின்னதான சட்டைப் பட்டன். டேங்கர், ஆஸ்பத்திரியில் இருந்து வந்த 20 மி.லி. சிரிஞ்ச். பால்பாயின்ட் ரீஃபிலை இரண்டு செ.மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நறுக்கிக் கறுப்பு அடித்தால் ஆக்ஸிஜன் சிலிண்டர்; அரக்குச் சிவப்பு அடித்தால் அசெட்டிலின். பாரம் தூக்கும் முக்காலி மூன்று ஊதுபத்திக் குச்சி. அதில் தொங்கும் செயின் பிளாக்கின் சங்கிலி, பேத்தியின் அறுந்துபோன கொலுசில் ஒரு துண்டு.

சரக்குப் பெட்டியின் தகடு எது தெரியுமா? கல்யாணப் பத்திரிகை. "வருஷத்துக்கு நாப்பது பத்திரிகை வருது. மொய்யும் போகுது. இந்த அட்டையாவது நமக்கு மிஞ்சட்டுமே" என்கிறார். கனமான அட்டை, வளையாது, பிளேடுக்கு நன்றாக வெட்டுப்படும். ஒரு வேகனின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் பொன்னெழுத்தில் 'தங்கள் நல்வரவை' என்பது வரை தெரியும்.

துரு பிடித்துத் தகட்டில் விழுந்த ஓட்டைகள்தான் இந்தப் பலகையின் உயிர். அந்த ஓட்டைகளை அவர் வெட்டுவதில்லை, எரிக்கிறார். கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தி முனையை அட்டையில் லேசாக வைத்து எடுத்தால் ஓரம் கருகி, பழுப்பாகி, ஒழுங்கில்லாமல் ஒரு ஓட்டை விழுகிறது. டார்ச் வெட்டிய இடங்களையும் அப்படித்தான் செய்கிறார். ஊதுபத்தியை அவர் பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் போதும்: முனையைக் கொஞ்சம் சாய்த்து, இழுக்கிற திசைக்கு எதிரே காட்டி, அவசரமில்லாமல். கைப்பழக்கம்.

துருவின் நிறத்துக்குத்தான் முதல் வருடம் முழுக்க அல்லாடியிருக்கிறார். பெயின்ட் கடையில் வாங்கிய பிரவுன் எல்லாம் சாக்லெட் மாதிரி இருந்தது. ஒரு மார்கழிக் காலையில் வாசலில் கோலத்தைச் சுற்றி மனைவி காவிக்கரை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்திருக்கிறார், அதுதான் அந்த நிறம் என்று. காவிக்கல் என்பது வேறென்ன? இரும்பு ஆக்சைடு. துருவும் அதே வகைதான். அன்றிலிருந்து வீட்டில் காவிப்பொடி டப்பா காணாமல் போவதும், அதற்காகக் கீழே இருந்து குரல் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. காவியோடு கொஞ்சம் கரித்தூள், ஃபெவிக்கால் கரைத்த தண்ணீர். அவ்வளவுதான். தின்னர் கலந்த பெயின்டை டாக்டர் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நெஞ்சில் சளி இல்லாமலே இருமல்.

அந்த இருமலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. நீராவி இன்ஜினின் பாய்லருக்கு மேலே சூடு வெளியே போகாமல் இருக்க ஒரு மெத்தை மாதிரி சுற்றியிருப்பார்கள், அதற்கு மேலே மெல்லிய தகடு. பழைய இன்ஜின்களில் அந்த மெத்தை கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். தகட்டைப் பிரித்ததும் அதைக் கையாலேயே பிய்த்து எறிவார்கள். மூக்குக்கு ஒரு துண்டு கட்டியிருந்தால் அதிகம். கல்நார் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல ஆண்டு கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்பதெல்லாம் அன்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இதை அவர் புகாராகச் சொல்வதில்லை. கேட்டால், "அப்ப எல்லாருந்தேன் பிச்சுப்போட்டோம்" என்று நிறுத்திக்கொள்கிறார்.

ஓர் இன்ஜினை எப்படி வெட்டுவது என்று கேட்டால் மட்டும் நிறுத்த மாட்டார். கண்ணில் ஒரு பிரகாசம் வரும். முதலில் எண்ணெயை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தீ பிடிக்கும். அடுத்து விலை உள்ளதெல்லாம் கழற்றப்படும். பித்தளைக் குழாய் முனைகள், செம்புக் குழாய்கள், வெண்கல பேரிங். பிறகு டிரைவர் நிற்கும் கேபின், அது வெறும் தகடு, மதியச் சாப்பாட்டுக்குள் தரைக்கு வந்துவிடும். அப்புறம் புகைப்பெட்டி, பாய்லர். பாய்லரை வளையம் வளையமாக அறுத்துப் பிரித்தால் உள்ளே மூங்கில் காடு மாதிரி குழாய்கள். கடைசியில் பிரேம். இன்ஜினைத் தாங்கும் முதுகெலும்பு அதுதான், கை அகலத்துக்குக் கனமான இரும்பு. கேஸ் அதிகம் குடிப்பது அங்கேதான். சக்கரங்கள் கடைசிவரை நிற்கும். "தலை போயிரும், ஒடம்பு போயிரும், காலு மட்டும் தண்டவாளத்துலயே நிக்கும்" என்பார்.

அப்படி வெட்டுப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒய்.பி. ரகம். சுதந்திரத்துக்குப் பிறகு மீட்டர் கேஜ் பயணிகள் ரயிலுக்கென்று கொண்டுவரப்பட்ட இன்ஜின் அது. முதலில் வெளிநாடுகளில் இருந்தும், பிறகு ஜாம்ஷெட்பூரில் டெல்கோவில் இருந்தும் வந்தவை. நாடு முழுக்க 871. 2000-ல் தொடங்கி 2870 வரை வரிசையாக எண்கள். பெரிய சக்கரம் நாலரை அடி. டெண்டரோடு சேர்த்து 19 மீட்டர் நீளம். மேஜைமேல் அது சரியாக ஒரு சாண்.

அந்த ஒரு சாண் இன்ஜின்தான் பலகையின் பின்வரிசையில் இரண்டாவதாக நிற்கிறது. மற்றவற்றைவிட அதில் வேலைப்பாடு அதிகம். பக்கவாட்டில் எண் பலகை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் செவ்வகம். நான்கு மூலையிலும் ஊசியால் குத்திய போல்ட் ஓட்டை.

"நம்பரை மறந்துட்டீங்களா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். மறக்கவில்லை. தெரியாது.

அப்பாவை அவர் 'அய்யா' என்றுதான் கூப்பிடுவார். அய்யா மதுரை ஷெட்டில் ஃபயர்மேன். ஒல்லியான மனிதர், ஆனால் முன்கை மட்டும் தேக்குக்கட்டை. மானாமதுரை, ராமேஸ்வரம், போடி என்று மாற்றி மாற்றிப் போவார். அதில் போடி லைன்மீது அவருக்குத் தனிப் பிரியம்.

அந்த லைனின் கதையே விசித்திரமானது. போடிப் பக்கத்து ஏலக்காயையும் மலைச் சரக்கையும் இறக்குவதற்கு 1928-ல் திறந்த 90 கி.மீ. மீட்டர் கேஜ் பாதை. இரண்டாம் உலகப்போர் வந்தபோது இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு அந்தப் பக்கம் ரயிலே இல்லை. திரும்பவும் 1954-ல்தான் போட்டார்கள். அய்யா வேலைக்குச் சேர்ந்த புதிது. உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றம். ஏற்றத்தில் நீராவி குறையாமல் பார்த்துக்கொள்வது ஃபயர்மேனின் மானப்பிரச்னை. குறைந்தால் வண்டி மூச்சுவாங்கும், பாசஞ்சர் எல்லாம் தலையை நீட்டி எட்டிப்பார்ப்பார்கள். "ஒரு நாளும் நிக்க விட்டதில்ல" என்று அய்யா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மகன் ரயில்வேயில் சேருவான் என்று அய்யா நினைத்திருந்தார். அது நடக்கவில்லை. வெல்டிங் கற்றுக்கொண்டு, பிறகு கேஸ் கட்டிங்குக்குப் போனார். லாரி, பஸ், ஆலை மெஷின் என்று என்னென்னவோ வெட்டினார். ஒரு சிமென்ட் ஆலையின் சின்ன டீசல் இன்ஜினையும் ஒரு முறை வெட்டியிருக்கிறார். ஆலைக்குள் மட்டும் ஓடுகிற இன்ஜின்கள் ஒரு தனி ஜாதி. நான்கே சக்கரம், குட்டை உடம்பு. ஆலை வளாகத்துக்குள் வளைவெல்லாம் கைப்பிடி வளைவு போல் இருக்கும் என்பதால் நீளமாகச் செய்ய முடியாது. அதில் சக்கரத்துக்குச் சக்தி போனது சைக்கிள் மாதிரி ஒரு பெரிய செயினில். "இன்ஜினுக்குச் சைக்கிள் செயினானு சிரிச்சுக்கிட்டே வெட்டுனோம்" என்கிறார். அதுவும் இப்போது பலகையின் மூலையில் நிற்கிறது, மஞ்சள் பெயின்ட் உரிந்து. பக்கத்திலேயே இன்னொரு விநோதம்: நெருப்பே இல்லாத நீராவி இன்ஜின். சிந்திரி உரத் தொழிற்சாலைக்காக 1953-ல் ஜெர்மனியின் ஹென்ஷல் கம்பெனி செய்தது. டெல்லி ரயில் மியூசியத்தில் இருக்கிறது. ஆலையின் பெரிய பாய்லரில் இருந்து கொதிநீரையும் நீராவியையும் நிரப்பிக்கொண்டு, அது தீரும்வரை ஓடும். தீப்பொறி பட்டால் ஆபத்து என்ற இடங்களுக்கு ஏற்றது. பேத்தி படத்தைக் காட்டியதும் தாத்தாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. "ஃபயர்மேனே வேணாமா? அய்யாட்ட காட்டியிருந்தா துப்பியிருப்பாரு."

அய்யா ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆகியிருந்தது. யூனிகேஜ் திட்டம் 1992-ல் வந்து, மீட்டர் கேஜ் எல்லாம் பிராட் கேஜாக மாறத் தொடங்கிய நேரம். மகன் வெளியூரில் பத்து நாள் வேலைக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்பினார். குளிக்கக்கூட இல்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அய்யா எழுந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்டுப்பா போயிட்டு வர்ற? கரி இன்ஜின் வாசம் வருது."

கரிப்புகையும் எண்ணெயும் கலந்த அந்த வாசம் எட்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் வருகிறது. அய்யாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மகன் ஏதோ ஷெட்டுக்குப் போய் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்.

மகன் உண்மையைச் சொன்னார். அய்யா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றுதான்.

"நம்பர் என்ன?"

"நம்பர் பிளேட்டைக் கழட்டிட்டுத்தாங்கய்யா எங்ககிட்ட குடுப்பாங்க."

அய்யா மறுபடியும் படுத்துக்கொண்டார்.

கோபம் இல்லை, சண்டை இல்லை. சோறு போட்டதும் அந்த வேலைதான், அது இருவருக்கும் தெரியும். ஆனால், அதற்குப் பிறகு மகன் ஒவ்வொரு முறை இன்ஜின் வெட்டப் போகும்போதும் அய்யா ஒரு வேலை சொல்லி அனுப்பினார். அவர் பல வருடம் ஓட்டிய ஓர் இன்ஜினில், கேபினுக்குள் இடது பக்கம், தூக்குவாளியை மாட்ட ஒரு கொக்கியை அவரே அடித்து வைத்திருந்தாராம். பழைய போல்ட்டைக் காய்ச்சி வளைத்த கொக்கி. முனை பன்றிவால் மாதிரி ஒரு சுற்று சுற்றியிருக்கும். "நம்பர் இல்லாட்டி என்ன, கொக்கியப் பாரு" என்றார்.

மகன் பார்த்தார். மூன்று, நான்கு இன்ஜின்களில் இல்லை. திரும்பி வந்து "இல்லங்கய்யா" என்பார். அய்யா தலையாட்டுவார். "அப்ப அது இன்னும் எங்கிட்டோ ஓடிக்கிட்டிருக்கும்."

அந்தப் பதில் தினமும் இட்லி மாதிரி இருவருக்கும் பழகிப்போனது.

பிறகு ஒரு நாள், வேலை அவசரம். லாரி வெளியே காத்திருந்தது. வந்ததும் டார்ச்சைப் பற்றவைத்து கேபினின் ஒரு பக்கத் தகட்டை வெட்டிக் கீழே தள்ளினார். தகடு மண்ணில் மல்லாந்து விழுந்தது. உட்புறம் மேலே தெரிந்தது. நடுவில் ஒரு கொக்கி. பன்றிவால் முனை.

அதைக் கழற்றி எடுத்துவர முடியாது. யார்டில் இருந்து ஒரு நட்டு வெளியே போனாலும் திருட்டு. எல்லாம் எடைமேடைக்குப் போக வேண்டிய இரும்பு. அன்று மாலை அந்தத் தகடும் போனது.

வீட்டுக்கு வந்தபோது அய்யா வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லங்கய்யா" என்றார் மகன்.

அய்யா 2001-ல் காலமானார். போடி லைனின் கடைசி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31 அன்று ஓடியபோது மகன் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். அதை இழுத்தது டீசல் இன்ஜின். பிறகு அகலப்பாதை வேலை இழுத்துக்கொண்டே போய், 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் ரயில் திரும்பியது. கொக்கி விஷயத்தை அதுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும்.

மாடலில் அதைச் செய்து வைத்தார். ஒரு தலைமுடி கனச் செம்புக் கம்பி, முனையில் ஒரு சுற்று. கேபினுக்குள், இடது பக்கம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. இங்கேதான் அவர் கணக்குத் தப்பிவிட்டது. பேத்திக்குப் பிறந்தநாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்ததே ஒரு லென்ஸ்.

"தாத்தா, இந்தக் கொக்கி எதுக்கு?"

முதலில் மழுப்பியிருக்கிறார். அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாடி அறையில், முழுதும் சொன்னார். காபி கொண்டுவந்த மனைவி நிலைப்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"மாமாவுக்குத் தெரியும்" என்றார் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு ராத்திரியே எங்கிட்ட சொன்னாரு. 'கொக்கி கெடைச்சிருச்சு போல. அவன் எந்தலையைப் பாக்காம பேசறான். நீ ஒண்ணும் கேட்டுக்காதம்மா'ன்னாரு. அதுக்கப்புறமும் நீங்க இல்லைன்னு சொல்ல, அவரு இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்னு சொல்ல... நானென்ன நடுவுல வர்றது?"

காபி ஆறிவிட்டது. சூடு பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று கீழே போனார். போகிற போக்கில் ஷெல்ஃபில் இருந்த காவி டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்.

இதற்குப் பிறகு அவர் கொஞ்ச நாள் பலகைப் பக்கமே வரவில்லை. வீட்டில் வேறு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. மாடி அறையை வாடகைக்கு விடலாம் என்று மகனுக்கு யோசனை. ஸ்கூல் ஃபீஸ் கூடிக்கொண்டே போகிறது, தப்பு சொல்ல முடியாது. தை பிறந்ததும் ஆள் வருகிறார்கள். பலகையைக் கீழே, ஹாலில் டி.வி-க்கு மேலே ஒரு ஷெல்ஃப் அடித்து வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தது மருமகள். "மாமா, தூசி மட்டும் நீங்கதான் துடைக்கணும்" என்பது நிபந்தனை. துரு யார்டில் எது தூசி, எது வேலைப்பாடு என்று அவருக்கு மட்டும்தானே தெரியும்?

அவரைத் திரும்ப உட்கார வைத்தது இங்கிலாந்துக்குப் பக்கத்தில், வேல்ஸில் இருந்த ஒரு காயலான் கடை. பாரி என்ற துறைமுக ஊரில் டாய் உட்ஹாம் என்பவர் நடத்திய யார்டு. பிரிட்டிஷ் ரயில்வே நீராவியைக் கைவிட்டபோது, 1959 முதல், அவர் வாங்கிப் போட்ட இன்ஜின்கள் 297. மற்ற யார்டுகளில் எல்லாம் வந்த சூட்டோடு வெட்டித் தீர்த்தார்கள். இவர் யார்டிலோ ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றன. காரணம் பாசம் இல்லை, வியாபாரம். ரயில்வே அப்போது பழைய சரக்கு வேகன்களையும் ஆயிரக்கணக்கில் கழித்துக்கொண்டிருந்தது. வேகன் வெட்டுவது சுலபம், சீக்கிரம் காசாகும். முதலில் வேகன், இன்ஜினை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார். அந்த இடைவெளியில் ரயில் பிரியர்கள் சீட்டுக்கட்டி, நன்கொடை வாங்கி, ஒவ்வொன்றாக இன்ஜினை மீட்டுப் போனார்கள். 213 இன்ஜின்கள் பிழைத்தன. பல இன்றும் ஓடுகின்றன.

பேத்தி இதைப் படித்துச் சொன்னபோது அவர் சத்தமாகச் சிரித்திருக்கிறார். "அந்தாளு வெவரமான ஆளுத்தா. வேகன் வெட்ட அரை நாளு போதும். இன்ஜினுக்குக் கேஸ் ஊத்திக் கட்டுபடியாகுமா?" கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் இருநூத்திப் பதிமூணு!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நம் ஊரில் அப்படி ஒரு யார்டு இல்லை. சில இன்ஜின்கள் மியூசியத்துக்கும் ஸ்டேஷன் வாசலுக்கும் போய், ஆண்டுக்கொரு முறை கறுப்பும் சிவப்பும் அடித்துக்கொண்டு நிற்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. மற்றவை உலைக்குப் போய்க் கம்பியானவை. பழங்காநத்தத்தில் புதிதாக எழும்பும் மாடிகளைக் காட்டி, "இதுல எந்தத் தூணுக்குள்ள நிக்கிதோ" என்று அவர் சொல்வது வேடிக்கையா, இல்லையா என்று கேட்பவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் செய்து அனுப்பியிருக்கிறது. அதைச் செய்தியில் பார்த்த அன்று அவர் இரண்டு முறை சாப்பிட்டதாக மனைவி சொல்கிறார்.

பாரி கதைக்குப் பிறகு பலகையின் அமைப்பே மாறிவிட்டது. முன்பு டார்ச் பிடித்த ஆள் பொம்மை இன்ஜின்களுக்குப் பக்கத்தில் நின்றான். எம்-சீலில் பிடித்த இரண்டு செ.மீ. மனிதன், நீலச் சட்டை, கையில் குண்டூசி முனை டார்ச். அவனைப் பெயர்த்து எடுத்து, பலகையின் முன்பக்கம், சரக்குப் பெட்டிகளிடம் ஒட்டியாயிற்று. ஒரு வேகன் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஒன்றில் கதவு மட்டும் போயிருக்கிறது. ஒரு பிரேக் வேன் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறது. இன்ஜின்கள் பின்வரிசையில், கருவேலம் மறைவில். கருவேலம், காய்ந்த துளசிக்கொத்து. தரை முழுக்க வடிகட்டிக் காயவைத்த டீத்தூள்.

போன வாரம் ஷெல்ஃப் அடிக்க ஆசாரி அளவு எடுத்துவிட்டுப் போனார். பலகை இரண்டு இஞ்ச் அதிகம், ஓரத்தில் ஒரு சைடிங்கை எடுத்துவிட்டால் சரியாக இருக்கும் என்றார். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஷெல்ஃபைத்தான் நீட்டச் சொன்னார். அந்த சைடிங்கில் வரப்போகும் வேகன்களுக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் புதிதாக வந்த பத்திரிகைக் கட்டு.

பேத்தி எண்ணிப் பார்த்தாள். ஏற்கெனவே பதினாறு வேகன்.

"இன்னும் எத்தனை வேகன் தாத்தா செய்யப்போறீங்க? இன்ஜினை எப்ப வெட்டுவாங்க?"

"வேகன் முடியட்டும் தாயி" என்றார், ஊதுபத்தியைப் பற்றவைத்துக்கொண்டே.